மேடம், பதினேழு

பதினோரு வருடத்தில், கடைசி நாளைத் தவிர,
அவன் என்னோடு பேசியது இரண்டே சொல்:
"மேடம், பதினேழு."

மேசை முன்னால் வந்து ஒற்றை முழங்காலை ஊன்றுவான்.
தோளிலிருந்து துண்டை உருவிப்
பின்னால் பார்க்காமல் எறிவான்.
நான் பஸ்ஸரை அழுத்துவேன்.
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஸ்கோர் தாளில் ஒரு முறை உண்டு.
ஆட்டத்தைத் தொடங்கும் ஐவர் பெயருக்கு எதிரே
எக்ஸ் போட்டுச் சிவப்பு மையில் வட்டமிட வேண்டும்.
இடையில் நுழைபவனுக்கு வெறும் எக்ஸ்.
ப. சகாயநாதன், ஆஸ்டின் டவுன்.
நான் எழுதியவை முன்னூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள்.
வெறும் எக்ஸ், வெறும் எக்ஸ்.

யார் ஜெயித்தது என்று வீட்டில் கேட்பார்கள்.
தாளில் குனிந்தவளுக்கு ஆட்டம் ஏது?
கடிகாரம் நிற்கும்போதுதான் தலை நிமிர்வேன்.
அப்போது தெரிவது எதிரே பெஞ்சு,
பெஞ்சில் மூன்றாவது நாற்காலி.
மற்றவர்கள் எழுந்து கத்துவார்கள்,
தண்ணீர் பாட்டிலை முறுக்குவார்கள்.
அவன் எதிரணிக்காரனின் இடது காலையே பார்ப்பான்,
தையற்கடையில் துணி கொடுத்தவன்
கத்தரிக்கோலைப் பார்ப்பதுபோல.

இரண்டாம் கால்பகுதி, ஐந்து நிமிடம் பாக்கி.
பயிற்சியாளர் பொன்னப்பா திரும்பக்கூட மாட்டார்,
விரலைச் சொடுக்குவார்.
உடம்பு சூடாகணும், கை பழகணும்
என்பதெல்லாம் மற்றவர்களுக்கு.
இவன் தொட்ட முதல் பந்தே வளையத்துக்கு.
வலது மூலையிலிருந்து மூன்று.
பலகையில் பட்டு இரண்டு.
'ஹொடி குரு, ஹொடி!' என்று மேல்வரிசை எழும்.
என் பேனா பதினேழைத் துரத்திக்கொண்டு ஓடும்.
ஆறு நிமிடம், பதினொரு புள்ளி.
பிறகு துண்டு.
மூன்றாவது நாற்காலி.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்.
இவன் இரண்டுக்கும் பிந்தினவன்.
ஏலத்தில் எப்போதும் அடிப்படை விலை.
ஒப்பந்தம் ஒரு வருடம்,
அப்புறம் ஒரு வருடம்,
அப்புறம் ஒரு வருடம்.

ஒரு ஜூலையில் கண்டீரவாவின் கூரை ஒழுகியது.
ஏரியை மூடிக் கட்டிய இடம்;
மழை வந்தால் தண்ணீருக்குப் பழைய விலாசம் ஞாபகம் வரும்.
பையன்கள் துடைக்கத் துடைக்க
ஆட்டம் நாற்பது நிமிடம் நின்றது.
மறுபடி தொடங்கியபோது பத்துப் பேருக்கும் உடம்பு விறைத்திருந்தது.
அவனுக்கு அது தினப்படி.
முப்பத்தொன்று எடுத்தான் அன்றைக்கு.
தாளின் ஓரம் நனைந்து
அவனுடைய பாதி எண்கள் ஊறிப்போயின.

கடைசி ஆட்டத்தில்
மரியாதை செய்ய நினைத்தார் பொன்னப்பா.
பத்து நிமிடம் முன்னதாகவே வந்து
தன் ஐவரைக் குறித்தார்.
அதில் பதினேழு.
சிவப்புப் பேனாவைத் தேடினேன்;
கையில்தான் இருந்தது.
வட்டம் கோணலாக விழுந்தது.

விளக்கை அணைத்து, பெயரை முழங்கி,
அவன்மேல் ஒற்றை வெளிச்சம் போட்டார்கள்.
கண் கூசி நின்றான்.
நான்கு நிமிடத்தில் ஐந்து முறை எறிந்தான்.
ஒன்றும் விழவில்லை.
ஒன்று வளையத்தைத் தொடக்கூட இல்லை.
மாற்றாள் உள்ளே போனபோது
இவன் வெளியே ஓடி வந்த வேகத்தில்
நிம்மதி இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.
துண்டு. நாற்காலி.
எதிரணிக்காரனின் இடது கால்.

மூன்றாம் கால்பகுதியில்
மேசை முன்னால் முழங்கால் ஊன்றியது.
"மேடம்," என்றவன்
தாளை எட்டிப் பார்த்தான்.
"இந்த வட்டத்த அடிச்சிட முடியாதா?"

மையில் போட்டது.
அடித்தால் நடுவர் கையெழுத்து வேண்டும்.
முடியாது என்றேன்.
சிரித்துவிட்டு,
"சரி, பதினேழு," என்றான்.

பஸ்ஸரைக் கொஞ்சம் நீளமாகவே அழுத்தினேன்.

பதினான்கு புள்ளி எடுத்தான்.
இரண்டே புள்ளியில் தோற்றோம்.
தோற்றார்கள் என்று எழுத வேண்டும்,
நான் மேசைக்காரி.